நோட்டீசில் ஏறிய பெயர்

சிரிக்க வைக்கிறவன் எப்படி இருப்பான் என்று நம் எல்லோர் மனசிலும் ஒரு படம் இருக்கிறது. கண் துறுதுறுவென்று இருக்கும், வாய் ஓயாது, கூட்டத்துக்கு நடுவில் போய் நிற்பான். ஆமத்தூர் கருப்பணன் மகன் பெத்தணன் இதில் எதிலும் சேர மாட்டான். சிவகாசியில் ஓர் அச்சாபீசில் அவனுக்கு எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டர் வேலை. காலையில் ஈய எழுத்துப் பெட்டிக்கு முன்னால் குனிந்தானென்றால் சாயங்காலம்தான் நிமிர்வான். நாலு பேர் சேர்ந்தாற்போலத் தன்னைப் பார்த்தால் போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சொந்தக்காரர் கல்யாணப் பந்தியில் ரசம் கேட்கக் கூச்சப்பட்டு வெறுஞ்சோற்றைத் தின்று எழுந்தவன். அப்பேர்ப்பட்டவன்தான் விருதுநகர் வட்டாரம் முழுக்க நாலைந்து வருஷம் ஜனங்களை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தான். அது அவன் வேலைதான் என்று ஒருத்தருக்கும் தெரியாது. தெரிய வேண்டுமென்று அவன் ஆசைப்பட்டான் பாருங்கள், அங்கேதான் பிடித்தது சனி.

கரிசல் காட்டில் பருத்தியும் கம்பும் போடுகிற குடும்பம் அவனுடையது. அப்பா கருப்பணனுக்கு ஊரில் நல்ல மரியாதை. மூத்தவன் ஏரைப் பிடித்துக்கொண்டான். இளையவன் பெத்தணன் எட்டாவது முடித்துவிட்டு அச்சாபீசுக்குப் போனதை அவரால் ஜீரணிக்கவே முடியவில்லை. மண்ணில் கை வைக்கக் கூசுகிறவன் மையில் கை வைக்கிறான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக் குறைபட்டுக்கொள்வார். மகன் வாய் திறக்க மாட்டான். பதிலெல்லாம் உள்ளே ரெடியாக இருக்கும், அதுவும் நல்ல பதிலாக இருக்கும், ஆனால் வாய்வரைக்கும் வராது.

ஐம்பத்து மூன்றில் ஒருநாள், பபூன் சங்கிலிமுத்து அந்த அச்சாபீசுக்குச் சண்டைக்கு வந்தார். நம் பக்கத்து ஸ்பெஷல் நாடகம் எப்படி என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ராஜா வேஷக்காரர் ஓர் ஊர், ராணி வேஷக்காரி வேறோர் ஊர், ஆர்மோனியக்காரர் மூன்றாவது ஊர். ஏஜெண்டு பேசி முடிக்க, எல்லோரும் அவரவர் பஸ்ஸில் வந்து மேடையில்தான் முகம் பார்ப்பார்கள். ஒத்திகை கிடையாது. முதலில் மேடைக்கு வருகிறவர் பபூன். கூட்டத்தை உட்கார வைத்துச் சிரிக்க வைத்துப் பதப்படுத்திக் கொடுப்பது அவர் பொறுப்பு. சங்கிலிமுத்து அதில் கெட்டிக்காரர். அன்றைக்கு வந்த சண்டை, நாடக நோட்டீசில் தன் போட்டோ கருப்படித்துப் போய் முகமே தெரியவில்லை என்பது. முதலாளி அங்கே இல்லை. பெத்தணன் குனிந்த தலை நிமிராமல், எழுத்துப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே முணுமுணுத்தான்.

“மூஞ்சி தெளிவாத் தெரிஞ்சா ஊர்ல கூப்பிட மாட்டாகண்ணே.”

சங்கிலிமுத்து ஒரு கணம் நின்றார். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்னொன்று சொல்லச் சொல்லிக் கேட்டார். கேட்டவுடன் பெத்தணனுக்கு வாய் கட்டிவிட்டது. மறுநாள் சங்கிலிமுத்து பஸ் ஏறப் போகும்போது ஓடிப்போய் ஒரு கழிவுக் காகிதத்தை அவர் கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டான். அதில் நாலு வரி எழுதியிருந்தது.

அந்த நாலு வரியை விருதுநகர்ப் பொட்டலில் அவன் தன் காதால் கேட்டான். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தான். சங்கிலிமுத்து நெஞ்சை நிமிர்த்தி மீசையைத் தடவி, “நாடு பூரா நம்ம தீப்பெட்டிதான்யா!” என்றார். ஆமாம் ஆமாம் என்று கூட்டம் தலையாட்டியது. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் நின்றார். நெஞ்சு மெல்ல மெல்ல இறங்கியது. “என் பொண்டாட்டி மட்டும் அடுப்புப் பத்தவைக்க அடுத்த வீட்டுல நெருப்பு கேக்கப் போயிருக்கா.” ஐயோ, அந்தச் சிரிப்பு! பகல் பூராவும் தீப்பெட்டி ஒட்டிவிட்டு வந்த பெண்கள்தான் அதிகம் சிரித்தார்கள். பெத்தணனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிறந்ததிலிருந்து அவன் பேசாமல் விட்ட அத்தனைக்கும் அன்றைக்குத்தான் பதில் கிடைத்ததுபோல் இருந்தது.

அதற்கப்புறம் சனிக்கிழமை தவறாமல் சங்கிலிமுத்து வந்துவிடுவார். டீக்கடை மூலையில் உட்கார்ந்து பெத்தணன் எழுதியதை மெல்லப் படித்துப் பார்ப்பார். விரலை வைத்து, “இதுல ரெண்டு வார்த்தை கூடுதல் தம்பி. அந்த இடத்துல நான் சும்மா நிக்கேன்” என்பார். பெத்தணனுக்கு முதலில் சுருக்கென்று இருக்கும். ராப்பகலாய் யோசித்து எழுதியதை அடித்துவிட்டுச் சும்மா நிற்கிறேன் என்றால்? ஆனால் அந்தச் சும்மா நிற்பதில்தான் கூட்டம் கவிழும். நாளாக நாளாக பெத்தணனும் அவர் நிற்பதற்கு இடம் விட்டு எழுதப் பழகினான். எழுதும்போதே அவருடைய தோள் ஏறுவதும் இறங்குவதும் அவன் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டு வருஷத்தில் சங்கிலிமுத்து இல்லாமல் கோயில் பொங்கலுக்கு நாள் சாட்ட மாட்டோம் என்று ஊர்கள் அடம்பிடித்தன. ஏஜெண்டு அப்துல் குத்தூஸ், விருதுநகரில் வற்றல் வியாபாரம் செய்கிற குடும்பத்துப் பிள்ளை, வியாபாரத்தை அண்ணன்மாரிடம் விட்டுவிட்டு நாடகமே கதியென்று திரிந்தவர். அவர் நோட்டீஸ் அடிக்கக் கொண்டுவருவது பெத்தணன் வேலை பார்த்த அச்சாபீசுக்குத்தான். சிரிப்புச் சூறாவளி சங்கிலிமுத்து என்று இருப்பதிலேயே பருமனான எழுத்தில் கோப்பது யார்? பெத்தணன். ஆர்மோனியம் இன்னார், மிருதங்கம் இன்னார், சீன் ஜோடனை இன்னார், மைக் செட் இன்னார் என்று எல்லார் பெயரையும் அடுக்குவது யார்? அதே பெத்தணன். மைக் செட்டுக்காரனுக்குக்கூட நோட்டீசில் இடம் இருந்தது. இது ஒருத்தன் மனசை அறுக்காதா? அறுத்தது. சொல்லப்போனால் அவன் கேட்டது ரொம்பச் சின்னது. காசு கேட்கவில்லை, மாலை கேட்கவில்லை. நோட்டீசில் ஒரு வரி, அவ்வளவுதான்.

தயங்கித் தயங்கி ஒருநாள் குத்தூசிடம் கேட்டும்விட்டான். அவர் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. நோட்டீசில் பெயர் இருக்கிறவன் மேடையில் தெரிய வேண்டும், அல்லது அவன் சத்தமாவது கேட்க வேண்டும், இல்லாவிட்டால் ஊர் கேள்வி கேட்கும் என்று பொறுமையாக விளக்கினார். சங்கிலிமுத்துவும் அவனுக்காகப் பேசிப் பார்த்தார். குத்தூஸ் அசையவில்லை.

ஐம்பத்தேழு பங்குனியில் ஆமத்தூருக்கே நாடகம் பேசி முடிந்தது. பெத்தணனுடைய சொந்த ஊர், அம்மன் கோயில் பொங்கல். குத்தூஸ் புரூப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன பிறகு, பெத்தணன் எழுத்துக் கோத்து இறுக்கி மிஷினுக்குப் போகிற பாரத்தைத் திறந்தான். சங்கிலிமுத்து பெயருக்குக் கீழே கொஞ்சம் இடத்தைத் தளர்த்தினான். ‘நகைச்சுவை எழுதியவர்: ஆமத்தூர் பெத்தணன்’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி கோத்து வைத்து முடுக்கினான். அடித்து முதல் தாள் வெளியே வந்தபோது அதை எடுத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டே இருந்தானாம். அப்பாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். அவர் படிப்பார் என்பதுதான் அவன் நினைப்பு முழுவதும்.

அவர் படித்தார். ஊரே படித்தது. எழுதியவர் கிழுதியவர் என்பதையெல்லாம் யார் கண்டது? கருப்பணன் மகன் பெயர் நோட்டீசில் வந்திருக்கிறது, ஆகவே கருப்பணன் மகன் மேடை ஏறுகிறான். அந்த ஊர் மட்டுமல்ல, எந்த ஊரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கும். பெண் கொடுத்த ஊர், எடுத்த ஊருக்கெல்லாம் ஆள் போயிற்று. வண்டி கட்டிக்கொண்டு ஜனம் வந்து இறங்கியது. நாடகம் பக்கமே தலைவைத்துப் படுக்காத கருப்பணன் மத்தியானமே முன்வரிசையில் பாய் போடச் சொல்லி ஆள் அனுப்பினார்.

ஊர்ப் பெரியவர் செல்லச்சாமி பெத்தணனை வழியில் நிறுத்தி, எம்புட்டு நேரம் பேசப் போகிறாய் என்று ஆசையாகக் கேட்டபோதுதான் அவனுக்கு விஷயமே உறைத்தது. ஓடினான் குத்தூசிடம்.

குத்தூசுக்கு முகம் சிவந்திருந்தது, ஆனால் குரல் உயரவில்லை. “மேடை ஏறாதவன் பேரு நோட்டீசுல வராதுன்னு சொன்னேனா இல்லையாப்பா? நீயா ஏத்திக்கிட்டே. இனி ஏறாம இருந்தா உங்க அய்யா மொகத்துலதான் ஊரு கரியப் பூசும்.”

சங்கிலிமுத்து அவனைத் தனியே கூட்டிப்போய்த் தோளில் கை போட்டார். இரண்டே இரண்டு சொன்னால் போதும், தீப்பெட்டியும் காலண்டரும், இரண்டும் எந்த ஊரிலும் தோற்றதில்லை, படுதா ஓரத்தில் நான் நிற்கிறேன் என்று தைரியம் சொன்னார். அவன் பெண்டாட்டி இருளம்மாள் மட்டும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனால் ஆகாது என்று அவளுக்குத் தெரியும்.

பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அவன் நடுமேடையில் போய் நின்றதும் கூட்டம் கை தட்டியது. அதுவரைக்கும் சரி. அப்புறம் அமைதியானது. பெத்தணன் வாயைத் திறந்தான். நாடு பூரா நம்ம தீப்பெட்டி என்றான், புரூப் படிக்கிற குரலில். மூச்சு விடாமல் பெண்டாட்டி நெருப்பு கேட்கப் போனதையும் சொல்லி முடித்தான். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது. சிவகாசியில எல்லாச் சாமியையும் காலண்டர்ல அச்சடிக்கோம், ஒரு சாமிகூட நமக்கு மழைய அச்சடிச்சுத் தரல என்று அடுத்ததையும் சொன்னான். வறண்ட ஊர் அது, வேறு நாளாக இருந்தால் உருண்டு புரண்டு சிரித்திருக்கும். அன்றைக்குப் பாவம் என்பதுபோல் பார்த்தது. அதற்கு மேல் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை, இறங்கிப் போகவும் தெரியவில்லை. இரண்டு கையையும் தொடையோடு ஒட்டிக்கொண்டு நின்றான். கண் நிறைந்துகொண்டு வந்தது. இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் அழுதிருப்பான்.

சங்கிலிமுத்து உள்ளே வந்தார். பெத்தணனைச் சுற்றி ஒருதரம் வந்தார், எதிரே நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார், பின்னால் போய் அவன் பிடரியில் விரலால் தடவித் தடவி எதையோ தேடினார். “ஏய்யா ஆர்மோனியம், இந்தக் காலண்டரை எந்த ஆணியில மாட்டியிருக்காக? ஆணியவே காணலையே!” கூட்டம் வெடித்தது. அவர் விடவில்லை. இன்றைக்கு என்ன கிழமை பார்ப்போம் என்று பெத்தணனின் சட்டை நுனியைத் தாள் கிழிக்கிறாற்போல் தூக்கினார். கௌரி நல்ல நேரம் பார்த்தார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சாய்ந்தார்கள். முன்வரிசைப் பாயில் கருப்பணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தன் அப்பா அப்படிச் சிரித்து பெத்தணன் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. அந்தச் சிரிப்புச் சத்தத்தோடேயே சங்கிலிமுத்து அவனைக் கைத்தாங்கலாக நடத்திப் படுதாவுக்குள் கொண்டுபோய் விட்டார். ஊர் சந்தோஷமாக நாடகம் பார்க்க உட்கார்ந்தது.

யாராவது பெத்தணனைத் திட்டினார்களா? இல்லை. ஏசினார்களா? இல்லை. மறுநாளிலிருந்து காலண்டரு என்று கூப்பிட்டார்கள், அதுவும் பிரியமாகத்தான். அதுதான் அவனைக் கொன்றது. தன் வாழ்நாளில் கேட்டது ஒரு வரி, அந்த ஒரு வரிக்குக் கீழே தன்னையே ஆணியில் மாட்டிவிட்டார் என்று சங்கிலிமுத்து மேல் அவனுக்கு வந்த கோபம் இருக்கிறதே, அது சாதாரணக் கோபம் இல்லை. பேசாதவன் கோபம். உள்ளேயே கிடந்து புளிக்கும்.

சனிக்கிழமை சங்கிலிமுத்து வந்தார். பெத்தணன் எழுத்துப் பெட்டியை விட்டு நிமிரவில்லை. அடுத்த வாரமும் வந்தார். மூன்றாவது முறை வந்தபோது பக்கத்தில் நின்று தணிந்த குரலில் பேசினார்.

“நீங்க அங்கன அழுதிருந்தா ஊரு சென்மத்துக்கும் மறந்திருக்காது தம்பி. சிரிக்க வச்சு எறக்கிட்டேன். எனக்குத் தெரிஞ்ச வழி அது ஒண்ணுதான்.”

“எம் பேரைக் கெடுத்துட்டீகண்ணே. இனி இங்கன வராதீக.”

பெத்தணன் அவரிடம் கடைசியாகச் சொன்னது அது. அவரும் அதற்குப் பிறகு வரவில்லை. தன்னிடம் சொல்லாமல் நோட்டீசில் கை வைத்த அச்சாபீஸ் வேண்டாமென்று குத்தூசும் நோட்டீசைத் திருத்தங்கலில் கொண்டுபோய் அடிக்க ஆரம்பித்தார். போகட்டும் என்று இருந்தான் பெத்தணன்.

ஆனால் எழுதுகிற கை சும்மா இருக்குமா? வேறொரு பபூனுக்கு நாலு எழுதிக் கொடுத்துப் பார்த்தான். அந்த ஆள் அழகாக, ஒரு எழுத்து பிசகாமல் சொன்னார். கூட்டம் கொட்டாவி விட்டது. சும்மா நிற்க வேண்டிய இடத்தில் அந்த மனுஷருக்கு நிற்கத் தெரியவில்லை. பட்டணத்துப் பத்திரிகைக்கு அனுப்பினான். ஒன்றைப் போட்டார்கள். அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி இருளம்மாளுக்குப் படித்துக் காட்டினான். அவள் மரியாதையாகக் கேட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றாள். சிரிக்கவில்லை. ஏன் சிரிப்பு வரவில்லை என்று கேட்டதற்கு, “சங்கிலிமுத்து அண்ணன் சொன்னா சிரிச்சிருப்பேன்” என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டாள். அன்றைக்கு வீட்டில் பெரிய சண்டை. அந்தப் பெயரை யாரும் எடுக்கக்கூடாது என்று ஆயிற்று. பிறகொருதரம் அம்மா வீட்டுப் பக்கம் நாடகம் பார்த்துவிட்டு வந்தவள், ஒரு விஷயம் சொல்லணும் என்று ஆசையாக ஆரம்பித்தாள். சங்கிலிமுத்து என்று வாயில் வந்ததுமே இவன் சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டான். அதற்கப்புறம் அவளும் வாயைத் திறக்கவில்லை. அச்சாபீசிலும் அப்படித்தான், நாடகப் பேச்சு வந்தால் இவன் முகத்தைப் பார்த்துப் பேச்சை மாற்றிவிடுவார்கள். கொஞ்ச நாளில் எழுதுவதையும் விட்டான். தீபாவளி சீசனுக்கு வெடிக்கட்டு லேபிளும் வருஷக் கடைசியில் காலண்டருமாக வேலை ஓடியது. காலண்டர் பார்த்தாலே அந்த மேடை கண்ணில் வந்து நிற்கும், ஆனாலும் அதைத்தானே கோக்க வேண்டும்?

அறுபத்து நாலில் விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் குத்தூஸ் எதிரே வந்தார். தலை நரைத்திருந்தது. பழைய கோபமெல்லாம் இல்லை. சங்கிலிமுத்து தொண்டையில் புண் வந்து ஆடியில் தவறிவிட்டார், பதினாறும் முடிந்துவிட்டது என்று சொன்னார். வேறு என்னமோ சொல்ல வந்தவர்போல நின்றார். பெத்தணன் அப்படியா என்று மட்டும் சொல்லிவிட்டு, எதிரே கிடந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டான். அது அவன் போகவேண்டிய பஸ் இல்லை. கண்டக்டர் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

இரண்டு வருஷம் கழித்து அண்ணன் மகனுக்குப் பெண் பார்க்க மல்லாங்கிணறு போனார்கள். பெண்ணைப் பெற்ற வீட்டில் பெரியவள் வெள்ளைத்தாய், பெண்ணுக்கு அத்தை. வந்தவர்களை ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டே வந்தவளிடம், இவன் மாப்பிள்ளைக்குச் சித்தப்பன், சிவகாசி அச்சாபீசில் வேலை, பெயர் பெத்தணன் என்று அண்ணன் சொன்னார். அந்தம்மாள் கையில் இருந்த மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

“சங்கிலிமுத்து சொல்லுற பெத்தணனா? எழுதுற பெத்தணன்?”

பெத்தணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளே சொன்னாள். ஐம்பத்தெட்டிலிருந்து பங்குனிக்குப் பங்குனி சங்கிலிமுத்து வருவாராம். முதல் சிரிப்பு வந்ததும் கையைக் காட்டி நிறுத்துவாராம். நான் வெறும் வாய்தான், இதையெல்லாம் எழுதுறது சிவகாசி அச்சாபீஸ் பெத்தணன், சிரிப்பு வந்தா அந்தப் பக்கம் பாத்துக் கை தட்டுங்க, வரலைன்னா என்னைய அடிங்க என்பாராம். இங்கே மட்டுமில்லை, நாடகம் நடக்கிற எந்த ஊரிலும் அதைச் சொல்லாமல் மேலே போக மாட்டாராம். “நாங்களும் சிவகாசி இருக்குற மேக்க திரும்பித் தட்டுவோம். சின்னப் பிள்ளைகள்லாம் எந்திரிச்சு நின்னு தட்டும்” என்றாள்.

பெத்தணனுக்குக் காது அடைத்தது. அந்த நேரங்களில் தான் எங்கே இருந்தோம் என்று யோசித்தான். வீட்டில்தான். சுவரைப் பார்த்துப் படுத்திருந்திருப்பான், மேற்கேதான், சிவகாசியில்தான். இருளம்மாள் அன்றைக்கு என்ன சொல்ல வந்தாள் என்பதும் பஸ் ஸ்டாண்டில் குத்தூஸ் எதற்கு நின்றார் என்பதும் இப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. பக்கத்தில் பெண்ணுக்குப் போடும் நகை பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளைத்தாய் இன்னும் முடிக்கவில்லை. “கடைசி கடைசியா சொன்னதையே சொல்லுவாரு. புதுசு இல்லையாய்யான்னு நாங்களே சத்தம் போடுவோம். ‘எழுதுற தம்பி எம்மேல கோவமா இருக்கு. கோவம் தீரட்டும், புதுசு வரும்’பாரு. அடுத்த வருசமும் கேப்போம், இன்னும் தீரலம்பாரு. அதுக்கும் ஒரு சிரிப்பு சிரிப்போம்.” சிரித்துக்கொண்டே சொன்னவள் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். “பாவம், நல்ல மனுசன். சாகுறதுக்கு முன்னாடி தீந்துருச்சுல்லய்யா?”

எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பெத்தணனையே பார்த்தார்கள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

“தீந்துருச்சு” என்றான்.

அந்தம்மாளுக்கு ஒரு நிம்மதி. அப்ப சரி என்று செம்பை எடுத்து அவனுக்கு மோர் ஊற்றினாள்.